உப்புக்காற்றில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: ராமநாதபுரம் கரையோரத்தில் பழைய வண்டியைக் கட்டி மேய்ப்பது எப்படி

சென்னையிலோ பெங்களூரிலோ பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஆடி டிடி, பிஎம்டபிள்யூ இசட்4, போர்ஷே பாக்ஸ்டர், மெர்சிடிஸ் எஸ்எல்கே போன்றவை புது எஸ்யூவி விலைக்குக் கைக்கு வந்துவிடுகின்றன. வாங்குவது சுலபம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் இந்தக் கரையில் அதை உருப்படியாக வைத்திருப்பதுதான் வேலை.

இங்கே இந்த வண்டிகள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டி, மிச்ச ஆறு நாளும் உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டு நிற்கிறது. அதனால் வரும் கோளாறுகள் வெளியே பெரிதாகத் தெரியும். டேஷ்போர்டில் மூன்று லைட் எரியும், கியர் மாறாது, கூரை பாதியில் நின்றுவிடும். ஸ்கேனரை மாட்டியதும் "மாட்யூல் (எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி) போச்சு" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பல நேரம் போயிருப்பது சில நூறு ரூபாய் எர்த் கேபிள்தான். மாட்யூலுக்கு ஆர்டர் போடுவதற்கு முன் பேட்டரி, எர்த், ஃபியூஸ், வடிகால் ஓட்டை என்ற நான்கையும் இதே வரிசையில் பார்த்துவிடுங்கள்.

வாங்கும் முன்

விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த எஞ்சின் முதல் பத்து விநாடியில் போடும் சத்தம், விடும் புகை, ஐடிலிங் தடுமாற்றம் ஆகியவற்றில்தான் பாதி உண்மை இருக்கிறது.

ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை என்பதற்காக மகிழ வேண்டாம். அதே ஸ்கேனரில் 'ரெடினஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். வண்டி தன்னைத் தானே சோதித்து முடித்ததா என்று அது சொல்லும். எல்லாமே முழுமையடையவில்லை என்று காட்டினால், குறியீடுகளைக் காலையில்தான் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

மாடலுக்கு மாடல் பார்க்க வேண்டியது மாறும். போர்ஷேயின் பாக்ஸ்டர், கேமனில் 2008 வரையிலான எஞ்சின்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் (கிராங்கின் சுழற்சியைக் கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோகும் நடுத்தண்டு) பேரிங் பலவீனமானது. ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். இரும்புத் துகள் மின்னினால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள். 2009 முதல் வந்த எஞ்சினில் அந்த ஷாஃப்ட்டே கிடையாது.

ஆடி டிடியின் ஆரம்ப கால 2.0 டர்போவிலும் அதன் வேகமான டிடிஎஸ் மாடலிலும் ஹை பிரஷர் ஃப்யூயல் பம்ப்புக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் போன்ற கேம் ஃபாலோயர் இருக்கும். பம்ப்பைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். அதன் முகத்தில் கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளி தெரிந்தால் மாற்ற வேண்டும். 20,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. விட்டால் கேம் ஷாஃப்ட்டையே தின்றுவிடும். இசட்4 35ஐ என்றால் எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். அது முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கும் சாதி.

வெளிமாநில வண்டியானால் என்ஓசி (பழைய ஆர்டிஓ தரும் ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கையில் இல்லாமல் முழுப்பணம் கொடுக்கக் கூடாது. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம், தமிழ்நாட்டு வரியும் தனியாகக் கட்ட வேண்டும். டிஎன் 65 எண் வாங்கும் செலவையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

எர்த்: இந்தக் கரையின் முதல் எதிரி

பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒன்று, எஞ்சினிலிருந்து பாடிக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு கனமான எர்த் கேபிள் இருக்கும். போல்ட் உட்காரும் இடத்தில் செம்பும் இரும்பும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. நடுவே உப்பு ஈரம் இறங்கினால் அதுவே ஒரு குட்டி பேட்டரியாகி உலோகத்தை அரிக்கும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பது அதுதான். மேலே பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் போல்ட்டின் அடிமுகத்தில் பூத்திருக்கலாம், அதனால் கண்ணை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் குமிழிலேயே வையுங்கள், மேலே உள்ள கிளாம்ப்பில் வேண்டாம். சிவப்பு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் அழுத்துங்கள். ஆல்டர்னேட்டர் உடம்பு தோதானது. பேட்டரி டிக்கியில் இருந்தால் மூன்று மீட்டர் ஒயர் ஒன்றை முனையில் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5 தாண்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. அடுத்து வண்டியை ஐடிலிங்கில் விட்டு, ஹெட்லைட், ஏசி ப்ளோயர் எல்லாம் போட்டு, நெகட்டிவ் குமிழுக்கும் பாடிக்கும் நடுவே அளக்க வேண்டும். 0.1-க்குள் இருக்க வேண்டும்.

சுத்தம் செய்யும்போது முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் போல்ட்டை எடுத்து, கேபிளின் வளையம், பாடியின் முகம் இரண்டையும் 180 நம்பர் உப்புத்தாளால் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். காய்ந்த துணியால் துடைத்து, உலோகம் உலோகத்தோடு படும்படி இறுக்கிய பிறகு, வெளிப்பக்கம் முழுக்க வாசலின் பூசுங்கள். வாசலினைப் பூசிவிட்டு இறுக்கினால் பூசின வேலை வீண். கேபிளின் ரப்பர் உறைக்குள்ளேயே பச்சை ஏறியிருந்தால் தேய்த்துப் பயனில்லை. 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள் வாங்கி, இரு முனையிலும் லக் அமுக்கி, மேலே சுருங்கும் ஸ்லீவ் போட்டுப் புதிதாகவே கட்டிவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் ஏற்பாடு) லைட் எரிந்தால் பதற வேண்டாம். வண்டியை ஸ்டார்ட் செய்து ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிவிட்டு, கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

பேட்டரி இறங்கினால் நடக்கும் கூத்து

இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுமை, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே காலி. இந்த வண்டிகள் 12.2-லேயே கோமாளித்தனம் ஆரம்பிக்கும். மடங்கும் கூரை பாதியில் நிற்பதற்கு முதல் காரணம் வோல்ட்டேஜ். எஞ்சின் ஓடும்போது மட்டும் கூரையை இயக்குங்கள். அதோடு டிக்கிக்குள் உள்ள தடுப்புத் திரை சரியாக மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது விலகியிருந்தாலும் கூரை அசையாது.

கதவில் சட்டம் இல்லாத கண்ணாடி கொண்ட வண்டிகளில், கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு சென்டிமீட்டர் போல இறங்கி வழிவிடும். பேட்டரி செத்திருந்தால் இறங்காது. அப்படியே இழுத்தால் கண்ணாடி மேல் ரப்பரில் மாட்டி, பீடிங் கிழியும், சில சமயம் கண்ணாடியே போகும். ஒரு கையால் கண்ணாடியின் மேல்விளிம்பை உள்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திறக்க வேண்டும்.

பாக்ஸ்டர், கேமனில் இன்னொரு வேடிக்கை உண்டு. பேட்டரி முன் டிக்கியில், முன் டிக்கியைத் திறப்பது கரன்ட்டில். பேட்டரி செத்தால் பேட்டரியை எடுக்க வழியில்லை. அதற்காகவே காலடி ஓரத்து ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கக்கூடிய ஒரு சிவப்பு முனை வைத்திருக்கிறார்கள். வேறு பேட்டரியின் பாசிட்டிவை அதில் கொடுத்து, நெகட்டிவைக் கதவுப் பூட்டு மாட்டும் இரும்பில் பிடித்து, திறக்கும் பொத்தானை அழுத்தினால் டிக்கி திறக்கும். பைக் பேட்டரியே போதும். ஆனால் அந்த வழியாக எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள், அந்த ஒயர் தாங்காது.

வாரத்துக்கு மேல் நிற்கும் வண்டிக்கு ஏஜிஎம் வகை பேட்டரிக்கும் ஏற்ற சின்ன சார்ஜர் ஒன்றை வாங்கி மாட்டிவிடுவதே நிம்மதி. பேட்டரி வாங்கும் காசில் கொஞ்சம்தான் ஆகும். பிஎம்டபிள்யூவில் புது பேட்டரி போட்டால் ஸ்கேனர் மூலம் பதிவு செய்ய மறக்காதீர்கள். இல்லையென்றால் புதுசையும் பழசு மாதிரியே சார்ஜ் செய்து ஆயுளைக் குறைத்துவிடும்.

கழுவுவதில் ஒரு பெரிய தவறு

கடற்கரைக்குப் போய்வந்ததும் கழுவ வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்தத் தண்ணீரில் என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், ஏர்வாடி என்று பல இடங்களில் போர்த்தண்ணீரே உவர்ப்பு. அதை பம்ப் போட்டு அடிப்பாகம் முழுக்க அடித்தால் உப்பைக் கழுவவில்லை, உப்பு ஏற்றுகிறீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 500-க்குள் இருந்தால் தாராளமாகக் கழுவலாம். 1000 தாண்டினால் அந்தத் தண்ணீரைக் கடைசித் தண்ணீராக விடக்கூடாது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரும் அதே கதைதான், இன்னும் மோசம்.

குடிக்கவே குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் ஊரில் காருக்குக் காவிரித் தண்ணீரைக் கொட்டுவது நன்றாகவும் இருக்காது. மழைநீர்த் தொட்டி இருந்தால் அதுவே சிறந்தது. தோட்டத்துக்கு மருந்தடிக்கும் 8 லிட்டர் கைப்பம்ப்பில் மழைநீரை நிரப்பி, கடைசியாக வீல் வளைவு, சஸ்பென்ஷன் கை, பிரேக் பைப், எர்த் இடங்கள், முன் ரேடியேட்டர் என்று குறிபார்த்து அடியுங்கள். இரண்டு நிரப்பு போதும்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கத்திலிருந்தும், வாடையில் பாக் நீரிணைப் பக்கத்திலிருந்தும் சாரல் வரும். எந்தக் காற்றானாலும் பாம்பன் பாலத்தில் போய்வந்த நாளில் இந்த இரண்டு நிரப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

கறுப்பாகக் கனமாக அடிக்கும் அண்டர் கோட்டிங்கை பழைய வண்டிக்குப் போடாதீர்கள். அடியில் ஏற்கெனவே இருக்கும் உப்பையும் துருவையும் மூடி வைத்து உள்ளுக்குள்ளேயே அரிக்கவிடும். லேனோலின் அல்லது மெழுகு வகை ஸ்ப்ரே, வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில் அடித்தால் ஐப்பசி மழைக்கு முன் சரியாக இருக்கும். டிஸ்க்கிலும் சைலன்சரிலும் படக்கூடாது.

துணி கவரும் யோசித்துப் போடவேண்டியதே. காற்றடிக்கும் இடத்தில் கவருக்கு அடியில் புகுந்த மணல் இரவெல்லாம் பெயின்ட்டைத் தேய்க்கும். போர்ட்டிகோ இருந்தால் கவரே வேண்டாம்.

வடிகால் ஓட்டை

திறக்கும் கூரை வண்டிகளில் மழைநீர் வெளியேற இரு பக்கமும் சின்னக் குழாய்கள் உண்டு. மணலும் வேப்பிலையும் சேர்ந்தால் அடைக்கும். தண்ணீர் உள்ளே தேங்கி கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸை நனைக்கும். 2002 முதல் 2008 வரை வந்த இசட்4-இல் கூரையின் ஹைட்ராலிக் மோட்டாரே இப்படித்தான் முழுகிச் சாகும்.

குத்துவதற்குக் கம்பி வேண்டாம், குழாயைக் கிழித்துவிடும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், நடுவில் இணைப்பைக் கழற்றிவிடும். மீன்பிடி சாமான் கடையில் 2 மி.மீ. தடிமனான தங்கூசி (நைலான் நரம்பு) ஒரு மீட்டர் வாங்கி, முனையை லைட்டரில் சுட்டு உருண்டையாக்கி, சுற்றிச் சுற்றி உள்ளே விடுங்கள். பிறகு அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் சில விநாடியில் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும்.

ஓட்டும்போது தெரியும் கோணல்கள்

முதல் நான்கைந்து பிரேக்கில் கரகரவென்று சத்தம் வந்தால் அது டிஸ்க்கின் மேல் ஒரு இரவில் பிடித்த துரு. போய்விடும். ஆனால் கழுவியதும் வண்டியை அப்படியே நிறுத்தாதீர்கள். மூன்று கி.மீ. ஓட்டி, 50-லிருந்து 20-க்கு ஐந்தாறு முறை பிரேக் பிடித்துக் காயவைத்து நிறுத்துங்கள். பல நாள் நிறுத்துவதானால் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நிறுத்தி அது ஒட்டிக்கொண்டால், வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். விடவில்லையென்றால் சக்கரத்தைக் கழற்றி, மரச்சுத்தியலால் டிஸ்க்கின் நடுப்பகுதியைத் தட்டுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிய்த்தால் பிரேக் லைனிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயிலின் கொதிநிலைத் தரமே புதுசில் 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155. கி.மீ. எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் 2 வருடத்தில் மாற்றுங்கள்.

ஆடியின் 6 கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), டவுனுக்குள் முதல் கியரில் குலுங்கும். பிரேக்கைப் பாதி மிதித்து ஊர்ந்து போவதுதான் அதற்குப் பிடிக்காதது. முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விட்டு, ஒரேயடியாக நகர்ந்து நில்லுங்கள். குலுக்கல் குறையவில்லையென்றால் கியர் ஆயிலைப் பாருங்கள். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபில்டரோடு மாற்ற வேண்டும். சுமார் 5.2 லிட்டர் பிடிக்கும். அளவு பார்க்கும்போது ஆயில் சூடு 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் குத்துமதிப்பாக ஊற்றுகிற இடத்தில் கொடுக்காதீர்கள்.

ஐடிலிங் ஏறி இறங்கினால் இன்ஜெக்டரில் கைவைக்கும் முன் ஏர் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயில் விரிசல் தேடுங்கள். பிறகு காற்று அளக்கும் சென்சாரை, அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால், தொடாமல் கழுவுங்கள். எண்ணெய் தடவிய பந்தய ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். அந்த எண்ணெய் சென்சாரில் படியும், இந்தக் கரையின் நுண்மணலும் அதன் வழியே நுழையும். கம்பெனி பேப்பர் ஃபில்டர், 10,000 கி.மீ.க்கு ஒன்று.

பிக்கப் குறைந்ததுபோலத் தோன்றினால் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் பாருங்கள், குறைந்தபட்ச ஆக்டேன் எழுதியிருக்கும். அதைவிடக் குறைந்ததை நிரப்பினால் எஞ்சின் தானாகவே டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அது கோளாறு அல்ல, தற்காப்பு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால் வண்டி நிற்கும்போது முக்கால் டாங்குக்குக் குறையாமல் வைத்து, அந்தப் பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் எரித்துவிடுங்கள்.

வேகத்தடைகளில் விதிப்படி கட்டியது 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் நீளமும் இருக்கும், அதில் இந்த வண்டிகள் மெதுவாக ஏறி இறங்கிவிடும். ஊர்ப்புறத்தில் திண்ணை மாதிரி கட்டியதுதான் அடிவயிற்றைத் தட்டும். ஏறக்குறைய 30 டிகிரி சாய்த்து, ஒரு முன்சக்கரம் முதலில் ஏறும்படி, நடக்கும் வேகத்தில் தாண்டுங்கள். ஆள் ஏறினால் வண்டி இன்னும் இறங்கும். பின் சீட் இல்லாதது ஒருவகையில் நல்லதுதான்.

முள்ளும் டயரும்

கருவேலங்காட்டு ஓரத்தில் நிறுத்தினால் முள் ஏறாமல் இருக்காது. சீமைக்கருவேல முள் ரப்பருக்குள் முறிந்து நிற்கும். உடனே காற்று போகாது, இரண்டு நாளில் 6 பி.எஸ்.ஐ இறங்கும். வழியில் கண்டால் பிடுங்காதீர்கள், அதுவே அடைப்பாக இருக்கிறது. காற்றடித்து ஊருக்கு வந்து பிடுங்குங்கள். சோப்புத் தண்ணீரில் முள் ஓட்டை எதுவும் தெரியவில்லையென்றால் அலாய் வீலின் விளிம்பில் பாருங்கள். டயர் உட்காரும் இடத்தில் உப்பு பூத்து அங்கே கசியும். டயரை இறக்கி, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் அந்த விளிம்பைச் சுரண்டி, பீட் சீலர் பூசி ஏற்றவேண்டும்.

இந்த வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் குச்சி செட், 12 வோல்ட் கம்ப்ரஸர் இரண்டும் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். ரன்ஃப்ளாட் டயரானால் காற்றில்லாமல் 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் வரை போகலாம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வந்து சேர அது போதும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆறு வருடம் தாண்டிய டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் வெயிலில் கட்டையாகியிருக்கும், மழையில் பிடிக்காது.

தேங்கிய தண்ணீர்

காற்று இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று இன்றே குனிந்து பாருங்கள். சில வண்டிகளில் முன் பம்பருக்கு உள்ளேயே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் முழங்கால் அளவு தேங்கினால் இந்த வண்டிக்கு அது கடல். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றி, கிராங்கை ஸ்பேனரால் கையால் சுற்றி, தண்ணீர் வெளியே வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது.

மணலில் இறங்கினால்

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை போகும் ரோட்டில் காற்று மணலைக் கொண்டுவந்து போடும். போட்டோ எடுக்க ஓரம் ஒதுங்கினாலே பின்சக்கரம் இறங்கிவிடும். சுற்ற ஆரம்பித்த விநாடியே காலை எடுங்கள். இன்னும் இரண்டு விநாடி மிதித்தால் வயிறு மணலில் உட்காரும், அதன்பின் சக்கரத்தில் எடையே இருக்காது.

டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணையுங்கள். இல்லாவிட்டால் அது எஞ்சினை அடக்கிக்கொண்டே இருக்கும். காற்றை 20 பி.எஸ்.ஐ வரை இறக்குங்கள், அதற்குக் கீழே போனால் பக்கவாட்டு உயரம் குறைந்த இந்த டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வயிற்றுக்கு அடியிலும் மணலைக் கையால் தோண்டி எடுத்து, கால் மிதியை அல்லது காய்ந்த பனைமட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருகுங்கள். வந்த தடத்திலேயே பின்னுக்குப் போவதுதான் சுலபம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள்.

கயிறு கட்டி இழுப்பதானால் டூல் பையில் உள்ள இழுவை வளையத்தைப் பம்பரின் சின்ன மூடியைத் திறந்து உள்ளே திருகுங்கள். ஆடியில் அது இடச்சுற்று மரை. வழக்கம்போல் வலப்பக்கம் திருகிப் பார்த்துவிட்டு மரை போச்சு என்று நினைப்பவர்கள் பலர். சஸ்பென்ஷன் கையில் கயிறு கட்ட வருபவரைத் தடுத்து நிறுத்துங்கள். டிராக்டரானால் முதல் கியரில், கயிறு விறைத்த பிறகு இழுக்கச் சொல்லுங்கள்.

ரோட்டுக்கு ஏறியதும் முதல் வேலை கம்ப்ரஸரில் காற்றை ஏற்றுவது. வீட்டுக்கு வந்து அடித்தட்டின் கிளிப்களை எண்ணிப் பாருங்கள், இரண்டு மூன்று போயிருக்கும். தட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் மணலைக் கொட்டாவிட்டால் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஒரு வாரம் கழித்து ஓடும்போது சக்கரத்திலிருந்து கிரீச் என்று சத்தம் வந்து, பிரேக் பிடித்தால் மாறினால், பேட் போடச் சொல்லாதீர்கள். டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகரத் தகட்டுக்கும் நடுவே ஒரு பொடிக்கல் இருக்கும். தகட்டை விரலால் கொஞ்சம் வளைத்துத் தண்ணீர் அடித்தால் விழுந்துவிடும்.